என்ஜினை மட்டும் முடுக்கினால் கியர்பாக்ஸ் தாங்குமா?

காலை ஒன்பதரைக்குச் சென்னை நந்தனம் சிக்னலில் உங்கள் பிக்கப் நிற்கிறது. இசுசு வி-கிராஸோ டொயோட்டா ஹைலக்ஸோ, டீசல், டர்போ, ஆட்டோமேட்டிக் கியர். பச்சை விழுந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. “ரீமேப் பண்ணிட்டா பறக்கும் சார்” என்று யாரோ சொல்லியிருப்பார். செய்யலாமா?

முதலில், ரீமேப் என்றால் என்ன? டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. எவ்வளவு காற்று திணிப்பது, அதற்கு எவ்வளவு டீசல் பீச்சுவது என்பதை இசியு (என்ஜினை ஆளும் சிறு கணினி) ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த அட்டவணையில் உள்ள எண்களைத் திருத்தி எழுதுவதுதான் ரீமேப். ஸ்பானர் எதையும் தொடாது.

அப்படியானால் கம்பெனிக்காரர் ஏன் சக்தியைக் குறைத்து வைத்தார்? ஏமாற்றுவதற்காக அல்ல. சித்திரை வெயிலில், முழுப் பாரத்தோடு, எந்த பங்க்கில் போட்ட டீசலானாலும், மலை ஏறும்போதும் என்ஜின் உருகாமல் இருக்க வேண்டும். அதற்கான சேமிப்பு அது. ரீமேப் செய்பவர் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுத்துத் தருகிறார்.

அந்தச் சேமிப்பு கியர்பாக்ஸுக்காகவும்தான். 2022-இல் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸைப் பாருங்கள். ஒரே 2.8 லிட்டர் என்ஜின், 204 குதிரைத்திறன். ஆனால் டார்க் (சக்கரத்தைத் திருகும் இழுவை) மேனுவல் கியர் வண்டியில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. என்ஜின் ஒன்றே; இழுவையின் அளவு மட்டும் கியர்பாக்ஸுக்கு ஏற்ப மாறுகிறது. 1.9 லிட்டர் வி-கிராஸில் 163 குதிரைத்திறனும் 360 நியூட்டன் மீட்டரும் அதன் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கோடு சேர்த்து அளந்து வைத்தவையே.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு இதில் என்ன ஆபத்து? இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பணம் போவது இங்கேதான்.

அதனுள் கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எண்ணெய் அழுத்தம்தான் அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கிறது. எவ்வளவு இறுக்குவது? அதை டிசியு (கியர்பாக்ஸின் தனிக் கணினி) தீர்மானிக்கிறது. “இப்போது இவ்வளவு இழுவை அனுப்புகிறேன்” என்று இசியு சொல்லும். டிசியு அதற்கேற்ப இறுக்கும். இந்தப் பேச்சு நொடிக்குப் பல முறை நடக்கிறது.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டியூனிங் பாக்ஸ், டீசல் அழுத்தம் குறைவாக இருப்பதாக இசியுவிடம் பொய் சொல்கிறது. இசியு அதை நம்பிக் கூடுதல் அழுத்தத்தில் பீச்சுகிறது. டிசியுவுக்கோ பழைய கணக்கையே சொல்கிறது. 450 வரும் இடத்தில் 360-க்குரிய இறுக்கம்தான் இருக்கும். தட்டுகள் வழுக்குகின்றன, சூடேறுகின்றன, கருகுகின்றன. என்ஜின் தாங்கிவிடலாம். கியர்பாக்ஸைத்தான் இறக்க வேண்டிவரும்.

உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. ரிவர்ஸிலிருந்து டி-க்கு மாற்றினால் தாமதித்து ஒரு குலுக்கல். ஒரே வேகத்தில் போகும்போது மெல்லிய நடுக்கம். கியர் ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கிறது. இவற்றில் ஒன்று ஏற்கெனவே இருந்தால் ரீமேப் பேச்சையே எடுக்காதீர்கள்.

அந்த ஒரு நொடி சோம்பலுக்கு வேறு வழி உண்டா? பெரும்பாலும் உண்டு. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைவரை ஊர்ந்து போகும் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாக என்ஜினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் பாகம்) வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு முழுக்க கியர் ஆயிலில் இறங்கும். “ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்” என்று யார் சொன்னாலும், கடும் பயன்பாட்டுக்குக் கையேடு என்ன கெடு சொல்கிறது என்று பாருங்கள். சென்னை ஓட்டம் கடும் பயன்பாடுதான். ஆயிலை மாற்றி, டிசியு பழகிவைத்ததை அழித்துப் புதிதாகப் பழக்கினாலே கியர் மாறுவது பல வண்டிகளில் மிருதுவாகிவிடும்.

அதோடு ஏர் ஃபில்டரையும், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) போகும் ரப்பர் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒரு கீறல் போதும், திணித்த காற்று வெளியே ஓடிவிடும்.

புகை வடிகட்டியை எடுத்துவிட்டால் இன்னும் பவர் வரும் என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பிஎஸ்-6 விதிக்காக வைத்தது அது. அதை எடுத்தால் கரி உங்கள் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கும் குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. வாரண்டியும் போகலாம். விபத்துக்குப் பின், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கை விரிக்க இடமிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ரீமேப் யாருக்குப் பயன்? பாரம் ஏற்றி அடிக்கடி ஏற்காடு ஏறுபவருக்கு வித்தியாசம் தெரியும். நந்தனத்திலிருந்து தி.நகர் போய் வருபவருக்கு, இரண்டு சிக்னலுக்கு நடுவே அந்தச் சக்தியைச் செலவழிக்க இடமே இல்லை. அவருக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சொந்த நிலத்திலோ பந்தயத் தடத்திலோ ஓட்டும் வண்டிக்காகக் கேட்கிறீர்களா? அப்போது ட்யூனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “டிசியுவையும் சேர்த்து எழுதுவீர்களா?” இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆம் என்றால், முன்னும் பின்னும் டைனோவில் (உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) அளந்து தாளில் கொடுக்கச் சொல்லுங்கள். பாரத்தோடு ஓட்டும்போது கியர் ஆயிலின் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று அவர் பதிவு செய்து காட்ட வேண்டும். கம்பெனி எழுதிய பழைய கோப்பின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பித்தால் உங்கள் ரீமேப் அழிந்துபோகலாம். இசியுவில் ஒன்று, டிசியுவில் வேறொன்று என்று வண்டி வெளியே வந்தால், திரும்பிப் போக அந்த நகல் வேண்டும்.