ரயில் பெட்டியில் தொடங்கிய பாட்டு

நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு நிலையத்திற்கும் அடுத்த நிலையத்திற்கும் இடையே பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடங்கள்தான் இருக்கும். கதவு மூடியவுடன் பாட்டைத் தொடங்க வேண்டும். பெட்டியில் இருப்பவர்களில் பாதிப் பேர் காதில் இயர்ஃபோனை மாட்டியிருப்பார்கள், மீதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்து, ஒரு சரணமாவது பாடி, தொப்பியை நீட்டி, அடுத்த கதவு திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இத்தனைக்கும் அங்கே ரயில் மேடையில் பாட அனுமதி உண்டு, ஓடும் பெட்டிக்குள் பாடுவது விதிமீறல். பிடிபட்டால் அபராதம்.

இப்படிப் பாடிப் பிழைத்த ஓர் இளையர்தான் சார்லி கிராக்கெட். இன்று அமெரிக்கக் கன்ட்ரி இசையில் தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைத்திருப்பவர். 2015ல் முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டார். அதன்பிறகு பத்து ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆல்பங்கள் ஒரு டஜனைத் தாண்டிவிட்டன. கன்ட்ரி இசை என்றால் தொப்பி, குதிரை, லாரி என்று நினைத்துத் தள்ளிவிடும் நம் மாணவர்களுக்கும் இவருடைய கதையில் கேட்க வேண்டிய சங்கதி இருக்கிறது. பாடுவதைப் பற்றி மட்டுமல்ல, பாடியது யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியும்.

அடகுக்கடைக் கிட்டார்

கிராக்கெட் 1984ல் டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்கு அருகிலுள்ள சான் பெனிட்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடிப் புகழ்பெற்ற ஃபிரெடி ஃபெண்டர் பிறந்ததும் அதே ஊர்தான். தாயார் தனி ஆளாகப் பிள்ளையை வளர்த்தார். வசதி இல்லை. மகனுக்கு 17 வயதானபோது அடகுக்கடையிலிருந்து ஒரு கிட்டாரை வாங்கிக் கொடுத்தார். வாத்தியார் கிடையாது, இசைப்பள்ளி கிடையாது. தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார்.

சிறுவயதில் விடுமுறைக்கு அவர் போனது நியூ ஆர்லியன்சில் இருந்த மாமா வீட்டுக்கு. அந்த ஊரின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் தெருவுக்குத் தெரு எக்காளமும் டிரம்மும் கேட்கும். பிறகு அவரே அங்கே கிட்டாருடன் போய் நின்றார். அதன்பின் டல்லஸ், நியூயார்க் என்று ஊர் ஊராகச் சுற்றினார். நியூயார்க்கில் ராப் பாடகர் ஒருவருடன் சேர்ந்து ‘டிரெயின் ராபர்ஸ்’, அதாவது ரயில் கொள்ளையர்கள் என்ற பெயரில் பாடினார். ரயில் பெட்டியில் பாடியவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். பணம் தீர்ந்தபோது கலிஃபோர்னியாவில் பண்ணை வேலைக்கும் போனார்.

தெரு என்ன கற்றுக்கொடுத்தது? காசு கொடுத்து அரங்குக்கு வருபவர் நம் பாட்டைக் கேட்கத் தயாராக வருகிறார். தெருவில் நடப்பவர் வேறு வேலையாகப் போகிறார். மெதுவாக ஆரம்பித்து, பாடகர் மனநிலைக்கு வரும்வரை காத்திருக்க அவருக்கு நேரமில்லை. முதல் வரியிலேயே அவருடைய காலைக் கட்டிப்போட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் வண்டிச் சத்தத்துக்கு மேலே குரல் போக வேண்டும். கேட்பவர் புளூஸ் பிரியரா, சோல் பிரியரா, பழைய கன்ட்ரி பிரியரா என்பது தெரியாததால் எல்லாம் பாடத் தெரிந்திருக்க வேண்டும். கிராக்கெட்டின் பாட்டில் கன்ட்ரியும் புளூசும் சோலும் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கலந்திருப்பதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாற்காலிக் கம்பெனியும் கண் தெரியாத பாடகரும்

டல்லசில் கிராக்கெட் பாடிய இடங்களில் ஒன்று டீப் எல்லம். அந்தத் தெருவுக்கு ஒரு வரலாறு உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்பு பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற கறுப்பினப் பாடகர் அங்கே கிட்டாருடன் நின்று பாடினார். அவருக்குக் கண் தெரியாது. 1920களின் நடுப்பகுதியில் பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனம் அவரைச் சிகாகோவுக்கு அழைத்துப் பதிவு செய்தது. தட்டுகள் நாடு முழுவதும் விற்றன. தனி ஆளாகக் கிட்டார் வாசித்துப் பாடும் புளூஸ் பாடகர்களுக்குச் சந்தை உண்டு என்பதைக் காட்டியவர்களில் முதல் வரிசையில் அவர் இருக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாரமவுண்டின் தாய் நிறுவனம் விஸ்கான்சினில் நாற்காலி செய்துகொண்டிருந்த ஒரு மரச்சாமான் கம்பெனி. இசைத்தட்டுப் பெட்டிகளையும் செய்து விற்றார்கள். பெட்டி விற்க வேண்டுமானால் அதில் போட்டுக் கேட்கத் தட்டு வேண்டுமே! அதற்காகத் தட்டுத் தொழிலுக்கு வந்தவர்கள். அந்தக் காலத்தில் கறுப்பினப் பாடகர்கள் பலருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒருமுறை காசு கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். தட்டு எத்தனை விற்றாலும் பாடியவருக்குப் பங்கு கிடையாது. ஜெஃபர்சன் 1929 டிசம்பரில் சிகாகோவில் இறந்தார். டெக்சசில் அவரைப் புதைத்த இடத்தில் மாநில அரசு நினைவுப் பலகை வைத்தது 1967ல்தான்.

அதே தெருவில் நின்று பாடிய கிராக்கெட்டுக்கு இந்தக் கதை தெரியாமல் இருந்திருக்காது. அவர் செய்த காரியத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

2015ல் ‘எ ஸ்டோலன் ஜுவல்’ என்ற முதல் ஆல்பத்தை எந்த நிறுவனத்தின் வாசலிலும் காத்து நிற்காமல் தானே வெளியிட்டார். பிறகு ‘சன் ஆஃப் டேவி’ என்ற சொந்த வெளியீட்டு நிறுவனத்தை வைத்துக்கொண்டார். 1836ல் அலமோ போரில் இறந்த டேவி கிராக்கெட்டின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர் குடும்பத்தார் சொல்வது. அந்தப் பெயர் அப்படி வந்தது. கடைகளுக்கும் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கும் கொண்டுசேர்க்கும் வேலையை நாஷ்வில்லில் உள்ள ‘தேர்ட்டி டைகர்ஸ்’ நிறுவனம் செய்தது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலி இன்னொன்று. பெரிய நிறுவனம் ஒன்று பதிவுச் செலவை ஏற்கும்போது பொதுவாக இந்த இரண்டாவது சொத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும். முன்பணம் கையில் வரும், ஆனால் மூல ஒலிப்பதிவு கையைவிட்டுப் போகும். தேர்ட்டி டைகர்ஸ் போன்ற விநியோக நிறுவனங்களுடன் செய்துகொள்ளும் ஏற்பாட்டில் மூலப்பதிவு பாடகரிடமே இருக்கும், நிறுவனத்துக்கு வருமானத்தில் ஒரு பங்கு. முன்பணம் பெரிதாக இருக்காது, விற்காவிட்டால் நஷ்டமும் பாடகர் தலையில்தான். படுக்கையறையில் பாடிப் பதிவேற்றும் நம் கல்லூரி மாணவர்கள், முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய பத்தி இதுதான்.

தானே முதலாளி என்பதால் இன்னொரு வசதியும் இருந்தது. எப்போது என்ன வெளியிடுவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஓர் ஆண்டில் இரண்டு ஆல்பம்கூட வரும். பழைய பாட்டுகளை மட்டும் பாடி ‘லில் ஜி.எல்.’ என்ற பட்டப்பெயரில் ஒரு வரிசை வெளியிட்டார். டெக்சசைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹேண்ட் என்ற மூத்த பாடகர் 2020ல் காலமானபோது, அவர் எழுதிய பத்துப் பாட்டுகளைப் பாடி அடுத்த ஆண்டே ஓர் ஆல்பம். பெரிய நிறுவனத்தில் இருந்திருந்தால் இதற்கு யார் அனுமதித்திருப்பார்கள்?

இதயம் நின்றுவிடுமோ என்ற பயம்

2019 ஜனவரியில் அவருக்குத் திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. பிறவியிலேயே இதயத் துடிப்பில் கோளாறு இருந்தது, வால்விலும் பழுது. ‘தி வேலி’ என்ற ஆல்பத்தின் பதிவை அறுவை சிகிச்சைக்குச் சில நாள்களுக்கு முன்பு முடித்தார். மேசையிலிருந்து எழுந்து வருவோமா என்று தெரியாத ஒருவர் தன் சொந்த ஊர்ப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பாடியது அது. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அதன்பிறகு வேகத்தைக் குறைப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

பதிவு செய்யும் முறையிலும் தெருவின் பழக்கம் விடவில்லை. 2022ல் வந்த ‘தி மேன் ஃப்ரம் வேக்கோ’ ஆல்பத்தை டெக்சசில் லாக்ஹார்ட் ஊரிலுள்ள ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் தம்முடைய இசைக்குழுவோடு சேர்ந்து நாடாவில் பதிவு செய்தார். முதலில் முன்னோட்டமாகத்தான் பாடினார்கள், அதுவே நன்றாக இருந்ததால் ஆல்பமாகிவிட்டது. ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்து, கணினியில் சுருதியைத் திருத்தி ஒட்டும் இன்றைய வழக்கத்துக்கு இது நேர் எதிர். சிறு பிசிறுகள் கேட்கும், கேட்கட்டுமே.

அதே ஆண்டு நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் அவர் கச்சேரி. 1892ல் வழிபாட்டுக் கூடமாகத் திறக்கப்பட்ட கட்டடம் அது. கன்ட்ரி இசையின் தாய்க்கோயில் என்று அமெரிக்கர்கள் அதைச் சொல்வார்கள்.

எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. தெருவில் பாடியவர் அரங்குக்கு வந்தார் என்று சொல்லும்போது வறுமையே ஒரு பயிற்சிப் பட்டறை என்பதுபோல் ஆகிவிடுகிறது. அப்படியல்ல. தெருவிலேயே நின்றுபோனவர்கள் எண்ணிக்கை எந்தக் கணக்கிலும் வராது. சிங்கப்பூரில் தெருக்கலைஞராக வேண்டுமானால் தேர்வில் தேறி, தேசிய கலைகள் மன்றத்தின் அனுமதி பெற்று, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் பாடலாம். ரயில் பெட்டியில் அபராதத்துக்குப் பயந்து பாடுவதைவிட இது மேல். ஆர்ச்சர்ட் சாலையில் நடந்துபோகும்போது யாராவது பாடினால், நம்மில் எத்தனை பேர் ஒரு பாட்டு முடியும்வரை நிற்கிறோம் என்பது வேறு கேள்வி.

2025ல் கிராக்கெட் ஒரு திருப்பம் எடுத்தார். ‘லோன்சம் டிரிஃப்டர்’ ஆல்பத்தை ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். கொள்கையை விற்றுவிட்டாரா என்று ரசிகர்கள் சிலர் கேட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டைக் கேட்க ஆளில்லாத 25 வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும், சொந்தமாகப் பல ஆல்பங்களையும் ரைமன் அரங்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு 40 வயதில் பேரம் பேச உட்காருவதும் ஒன்றல்ல.

அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில், சிறந்த அமெரிக்கானா ஆல்பம் பிரிவில் அவருடைய ‘10 டாலர் கௌபாய்’ போட்டியிட்டது. பரிசு கிடைக்கவில்லை. வென்றவர் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த சியாரா ஃபெரல். வேனில் குடியிருந்து, ஊர் ஊராகப் போய், அதே நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் பாடி வளர்ந்த பெண் அவர். அன்று ஒரே நாளில் நான்கு கிராமி வாங்கினார்.

இருவரையும் கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் கிராக்கெட்டின் ‘தி வேலி’யிலிருந்து தொடங்கலாம். பிறகு ஃபெரலின் ‘டிரெயில் ஆஃப் ஃபிளவர்ஸ்’. எம்ஆர்டியில் கேட்பதாக இருந்தால், நிறுத்தத்தைத் தவறவிடாதீர்கள்.