ஓர் அங்குல வீரனுக்கு எத்தனை துளி வண்ணம்?

மேசைப் போர் விளையாட்டுகளில் வரும் வீரனின் உயரம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர்; சதுரங்கச் சிப்பாய் அவனைவிட உயரம். அந்தச் சின்ன உடம்பில் கவசம், வாளுறை, தோல்வார், கண்விழி, சில அரக்கர்களுக்குக் கோரைப்பல்கூடச் செதுக்கியிருக்கும். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்தான். வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசிக் களத்தில் இறக்குவது வாங்கியவர் பாடு. பலருக்கு விளையாட்டே இரண்டாம்பட்சம்; பூசுவதற்காகவே வாங்குகிறார்கள்.

இந்தப் பொழுதுபோக்கின் தலைநகரம் என்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சொல்லலாம். அங்கிருக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் ‘வார்ஹாமர்’ விளையாட்டையும், 1987இல் அதன் விண்வெளி வடிவமான ‘வார்ஹாமர் 40,000’-ஐயும் வெளியிட்டது. அதற்கு முந்தைய தலைமுறை, தகர டப்பாவில் வரும் ஹம்ப்ரால் எனாமல் பெயின்ட்டைப் பூசியது. டர்பன்டைன் வாடை வீடெல்லாம் அடிக்கும். காய்வதற்குள் பொழுது விடிந்துவிடும். தண்ணீரில் கரைத்து, தண்ணீரிலேயே பிரஷ்ஷைக் கழுவி, சில நிமிடங்களில் அடுத்த கை பூச முடிகிற அக்ரிலிக் வந்தபின் எனாமல் ஓரங்கட்டப்பட்டதில் வியப்பில்லை.

சிக்கல் விலையில்தான். பொம்மைக்கென்றே விற்கும் வண்ணங்கள் சிறு புட்டிகளில் வருகின்றன: கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் சிட்டாடல் வரிசையில் பெரும்பாலானவை 12 மி.லி., ஸ்பெயினின் வயேஹோ 17 அல்லது 18 மி.லி., டென்மார்க்கின் ஆர்மி பெயின்ட்டர் 18 மி.லி. அமெரிக்கக் கைவினைக் கடையில் ஆப்பிள் பேரல், ஃபோக்ஆர்ட் போன்றவை 59 மி.லி. புட்டியாகவே கிடைக்கும், அதுவும் பல மடங்கு மலிவாக. அப்படியானால் எதற்கு அந்தச் சிறு புட்டிக்குப் பணம் கொட்டுவது?

முதலில் ஒரு மனக்கணக்கு. ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 துளி. 17 மி.லி. புட்டியில் 340 துளி. ஒரு வீரனின் மேலங்கிக்கு இரண்டு மூன்று துளி தாராளம். கொட்டாமல், காயவிடாமல் பயன்படுத்தினால் ஒரே புட்டியில் நூறு மேலங்கிகளுக்கு மேல் பூசலாம். ஆகவே ஒரு புட்டியின் விலை யாரையும் ஏழையாக்காது. பர்ஸைக் காலி செய்வது ஐம்பது, அறுபது நிறங்கள் அடங்கிய பெரிய பெட்டிதான். அதில் பாதி நிறங்கள் மூடி திறக்கப்படாமலே கட்டிதட்டிப் போகும்.

மலிவுக்கும் விலைக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. எந்த அக்ரிலிக்கிலும் நிறமித் தூள், அதைப் பிடித்துவைக்கும் அக்ரிலிக் பசை, தண்ணீர் ஆகியவை உண்டு. தண்ணீர் ஆவியானதும் பசைத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகின்றன. பொம்மை வண்ணத்தில் நிறமியை மிக நைஸாக அரைத்து, அதிக அளவில் சேர்ப்பார்கள். விலை குறைந்த கைவினை வண்ணத்தில் நிறமி குறைவாகவும் சுண்ணத்தூள் போன்ற நிரப்பிகள் கூடுதலாகவும் இருப்பது வழக்கம். நீர்த்தால் வெளிறுகிறது, நீர்க்காமல் பூசினால் அப்பிக்கொண்டு, சிற்பி அரும்பாடுபட்டுச் செதுக்கிய கண்ணிமையையே மூடிவிடுகிறது.

இதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வெள்ளை அட்டையில் கறுப்பு அக்ரிலிக்கால் தடித்த கோடு ஒன்று போட்டு, நன்றாகக் காயவிட வேண்டும். சோதிக்கும் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்த்து, கோட்டுக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். காய்ந்ததும் இரண்டாம் கை. அதற்குள் கறுப்பு மறைந்துவிட்டால் எந்த பிராண்டாக இருந்தாலும் அது பொம்மைக்கு ஆகும். நான்கு கை பூசியும் கோடு பல்லிளித்தால் அந்த வண்ணம் பாறைக்கும் செட்டுக்கும் போகட்டும். பூச்சு மணல்மணலாகத் தெரிந்தால் நிறமி சரியாக அரைபடவில்லை.

சோதனையில் தேறுவது பிராண்டைவிட நிறத்தைப் பொறுத்தது. கறுப்பு மலிவிலும் நன்றாக மூடும். காவி, செம்மண், பழுப்பு ஆகியவை இரும்பு ஆக்சைடு நிறமிகள். விலை குறைவு, மறைக்கும் திறன் அதிகம். குதிரை, தோல்வார், மரக்கட்டை, மண்தரை எல்லாவற்றுக்கும் இவை போதும். மஞ்சளும் பளிச்சென்ற சிவப்பும்தான் படுத்தி எடுக்கும். விலையுயர்ந்த புட்டியிலும் அவை கொஞ்சம் சண்டிதான். அடியில் காவியோ இளஞ்சிவப்போ பூசிவிட்டு மேலே மஞ்சள் இட்டால் பாதி உழைப்பு மிச்சம். வெள்ளை, வெள்ளி, தங்கம் மூன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலிவான உலோக வண்ணத்தில் மினுக்குத் துகள் பெரிதாக இருக்கும். ஆளுயரச் சிலையில் அது கண்ணில் படாது, ஓரங்குல வீரனின் வாளில் ஜிகினா ஒட்டியதுபோல நிற்கும்.

நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் கிடைப்பதை வைத்தும் தொடங்கலாம். பிடிலைட்டின் ஃபெவிக்ரில் 15 மி.லி. புட்டிகளும், கேமல் அக்ரிலிக் ட்யூபுகளும் கறுப்பு, பழுப்பு, சாம்பல், அடர்நீலத்துக்குக் கைகொடுக்கும். துணிக்கென்றே செய்த வண்ணத்தை மட்டும் தவிர்ப்பது நல்லது. வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக அதன் படலத்தை மென்மையாக வைத்திருப்பார்கள், கைபடும் பொம்மையில் பிசுபிசுக்கும். ஓவியர்களுக்கான ட்யூபில் நிறமிக் குறியீடு அச்சிட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்கலாம். பிடபிள்யூ6 என்றால் டைட்டானியம் வெள்ளை, நன்றாக மூடும். பிபி15 என்றால் தாலோ நீலம்; கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், ஆனால் வெள்ளையில் ஒரு சொட்டு விட்டாலே கிண்ணம் முழுக்க நீலம்.

எந்த வண்ணமானாலும் வழவழப்பான பிளாஸ்டிக்கின்மேல் நேரே நிற்காது. சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரைமர் ஒரு கை அடிக்க வேண்டும். காருக்கு அடிக்கும் சாம்பல் பிரைமர் ஸ்ப்ரேயே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. பொம்மையைப் பெயர்த்தெடுத்த பிளாஸ்டிக் சட்டத் துண்டில் முதலில் அடித்துப் பார்த்துவிடுவது பாதுகாப்பு.

நேரமும் செலவுதானே. 2019இல் சிட்டாடல் ‘கான்ட்ராஸ்ட்’ வண்ணங்களைக் கொண்டுவந்தது. வெளிர்நிறப் பிரைமரின்மேல் ஒரே கை பூசினால் போதும். மடிப்புகளில் தேங்கி நிழலாகவும், மேடுகளில் வழிந்து வெளிச்சமாகவும் நிற்கும். 2022இல் ஆர்மி பெயின்ட்டர் ‘ஸ்பீட்பெயின்ட்’ என்று போட்டிக்கு இறங்கியது. முதல் வரிசையில் காய்ந்த பூச்சின்மேல் மீண்டும் ஈரப் பிரஷ் பட்டால் அடிநிறம் கரைந்து மேலே வந்தது. அடுத்த ஆண்டே திருத்திய வரிசை வெளியானது. பழைய சரக்கு தள்ளுபடியில் கிடைத்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தட்டில் காய்ந்து வீணாகும் வண்ணத்தைத் தடுக்க மூடியுள்ள தட்டையான டப்பா, நனைத்த ஸ்பாஞ்சு, மேலே பேக்கரியில் விரிக்கும் பட்டர் பேப்பர் போதும். வண்ணம் மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

கடைசிக் கை, மினுமினுப்பில்லாத மேட் வார்னிஷ். மலிவு வண்ணத்தின் வேண்டாத பளபளப்பையும் இது அடக்கிவிடும். ஸ்ப்ரே வாங்குகிறவர்கள் வானத்தையும் பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் படலம் வெண்மூட்டமாகப் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் பூசுகிறவர்களுக்கு, பிரஷ்ஷால் தடவும் வார்னிஷ்தான் தோது.