ஹாலுக்கு ஓவியம் வாங்கப் போறீங்களா? அது அசலா, அச்சா என்று பார்ப்பது எப்படி?

புதுச்சேரியை ஒட்டிய ஒதியம்பட்டில் புதுசா வீடு கட்டி, பால் காய்ச்சிக் குடியேறும் ஓர் இளம் தம்பதிக்கு அடுத்து வரும் கேள்வி: சோஃபாவுக்கு மேலே உள்ள காலிச் சுவரில் என்ன மாட்டுறது? மொபைலில் தேடினால் 'கேன்வாஸ் பெயின்டிங்' ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஐம்பதாயிரத்துக்கும் கிடைக்கிறது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்புறம் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்?

கேன்வாஸ் என்றாலே ஓவியம் இல்லை

கேன்வாஸ் என்பது துணி. அதில் ஓவியர் கையால் வரையலாம், பிரின்டரும் அச்சடிக்கலாம். விவரக் குறிப்பில் 'ஜிக்ளே' என்று இருந்தால் அது உயர்தர இங்க்ஜெட் அச்சு. அச்சின் மேல் அங்கங்கே பிரஷ்ஷால் நிறம் தொட்டு விற்பதும் உண்டு. அச்சு வாங்குவதில் தப்பே இல்லை. அச்சுக்கு அசலின் விலையைக் கொடுப்பதுதான் நஷ்டம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* பூதக்கண்ணாடியில் பாருங்கள். அச்சு என்றால் நிறம் பொடிப் பொடிப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும்.
* மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். கையால் வரைந்ததில் பெயின்ட்டின் மேடு பள்ளம், கன்னம், முந்தானை என்று உருவத்தின் போக்கிலேயே ஓடும். அச்சில் படம் முழுக்கத் துணியின் நெசவு மட்டும் ஒரே சீராகத் தெரியும்.
* ஆன்லைனில் வாங்குகிறீர்களா? பின்பக்கம், ஓரங்கள், கையெழுத்து ஆகியவற்றின் போட்டோக்களைக் கேளுங்கள். டார்ச் அடித்து எடுத்த வீடியோவும் கேட்கலாம்.

உருவ ஓவியத்தில் கூடுதல் கவனம் ஏன்?

கும்பகோணம் பக்கத்துச் செம்பியவரம்பலில் பிறந்த ஓவியர் எஸ். இளையராஜா, கிராமத்துப் பெண்களைப் போட்டோவோ என்று நினைக்கும் அளவுக்குத் தத்ரூபமாக வரைந்தவர். 2021 ஜூனில் கொரோனாவால் மறைந்தார். இன்றும் அவர் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. இப்படிப் பலருக்கும் பிடித்துப்போன உருவங்களைத்தான் அனுமதியில்லாமல் அச்சடித்து விற்பதும் எளிது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். இளையராஜாவின் ஓவியங்களுக்கு அது 2081 முடியும் வரை. உரிமை வைத்திருப்பவரின் அனுமதி இல்லாமல் அதுவரை யாரும் அச்சடித்து விற்க முடியாது.

இது வாங்குபவருக்கும் பொருந்தும். காசு கொடுத்து வாங்கியதால் கேன்வாஸ் உங்களுடையது. படத்தைக் காலண்டராகவோ டி-ஷர்ட்டாகவோ போடும் உரிமை, தனியாக எழுதி வாங்காதவரை, ஓவியரிடமே இருக்கும்.

பக்கத்தில் எங்கே பார்க்கலாம்?

அரியாங்குப்பத்தில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம், சிற்பம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். கண்காட்சி நடக்கும்போது போனால், வரைந்தவரிடமே பேசி வாங்க வாய்ப்பு உண்டு. அலியான்ஸ் பிரான்சேஸின் மேசோன் கொலொம்பானி அரங்கிலும் கண்காட்சிகள் நடப்பதுண்டு. ஈசிஆரில் சென்னை போகும்போது ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் வரும். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-ல் ஓவியர்களே சேர்ந்து உருவாக்கிய கிராமம் அது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை. நாலு அசல் ஓவியங்களை நேரில் பார்த்துவிட்டால், அடுத்த முறை அச்சு தானாகவே கண்ணில் பட்டுவிடும்.

முதலீடாக வாங்கலாமா?

எம்.எஃப். உசேனின் 'கிராம யாத்திரை' 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. அந்தச் செய்தியை நம்பிக் கடன் வாங்கி ஓவியம் வாங்க வேண்டாம். பெரும்பாலான ஓவியங்கள் மறுவிற்பனைக்கே போவதில்லை. தினமும் பார்க்கப் பிடிக்குமா என்பதே முதல் அளவுகோல்.

பராமரிப்பு

கடல் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் கேன்வாஸுக்கு ஆகாது. ஈரம் ஊறும் சுவரில் மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். ஃபிரேமின் கீழ் மூலைகளில் சின்ன கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். நேர் வெயில் படக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கவே வேண்டாம், உலர்ந்த மென்மையான பிரஷ் போதும்.

பணம் கொடுக்கும் முன்...

ஓவியர் பெயர், வரைந்த ஆண்டு, அளவு, ஆயிலா அக்ரிலிக்கா என்ற விவரம், 'கையால் வரைந்த அசல்' என்ற வார்த்தை. இவை அனைத்தையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கையால் வரைந்த ஓவியங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதையும் பில்லில் சரிபாருங்கள். வாயால் 'அசல்தான் சார்' என்று சொல்லிவிட்டு எழுதித் தரத் தயங்கினால், அந்தச் சுவர் இன்னும் ஒரு மாதம் காலியாகவே இருக்கட்டும்.