ஆளுக்கொரு வெள்ளி

தருமம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அன்னதானமும் கோயில் திருப்பணியும்தாம். சிகாமட், லாபிஸ், சாஆ வட்டாரங்களில் திருவிழாக் காலத்தில் நன்கொடைப் புத்தகம் நம் வாசலுக்கு வராமல் இருப்பதில்லை. நாமும் மனமுவந்து கொடுக்கிறோம். உயர்கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் மருத்துவத்திற்கும் தரப்படும் கொடை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

பல்கலைக்கழகத்திற்குக் கொடுப்பது பெருஞ்செல்வர்களின் வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது உண்மையே. ஆனால் நம் மண்ணின் கதை வேறு.

1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கே இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, சமஸ்கிருதத்திற்கு முதலிடம் தரலாம் என்று பரிந்துரை வந்தது. இந்நாட்டு இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்களாயிற்றே! 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடினார். வாதத்தோடு நிற்காமல், 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதியும் திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி என்பதே வேண்டுகோள். பால்மரம் சீவியவர்களும் கொடுத்தார்கள். அந்நாளில் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு வெள்ளி அற்பத் தொகையன்று. பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் சேர அந்நிதி உதவிற்று. 1956-இல் துறை தொடங்கியது. தமிழ் அதில் இடம்பெற்றது. பின்னர் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961-இல் தனிநாயக அடிகள் அதன் தலைமையை ஏற்றார். 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று. கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த நூலகத்தின் படியேறியிருப்பார்கள்?

நூல் வாங்கினால் பணம் ஒரே தடவையில் செலவாகிவிடும், நூல் நிற்கும். உபகாரச் சம்பளம் அப்படியன்று. ஆண்டுதோறும் புது மாணவர் வருவார். அதனால்தான் முதலைத் தொடாமல் வட்டியிலிருந்து வழங்கும் அறநிதிகள் ஏற்பட்டன. 1,00,000 ரிங்கிட்டை 4 விழுக்காட்டில் இட்டால் ஆண்டுக்கு 4,000 ரிங்கிட் கிடைக்கும். முழுவதையும் வழங்கிவிட்டால், விலைவாசி ஏற ஏற அந்த 4,000 இளைத்துப்போகும். ஆகவே வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்ப்பதே முறை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பரிசளிப்பு மேடையில் பெரிய அட்டைக் காசோலையைத் தூக்கிப் படமெடுப்பதில் நமக்குள்ள ஆர்வம், முதல் பருவத்தில் விடுதிக் கட்டணத்திற்குத் திண்டாடும் பிள்ளையைத் தேடுவதில் இல்லை. சிகாமட்டிலிருந்து பினாங்குக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்குப் பணம் வேண்டியது சேரும் வாரத்தில். ஆண்டிறுதி விழாவில் அன்று.

மருத்துவத்திலும் சிறுதுளிதான் தொடக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அது இன்று சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒருங்கே நடத்தும் பெரிய நிலையமாக விளங்குகிறது.

பணமில்லாக் கொடையும் உண்டு. அது நம் சிகாமட்டிலேயே நடந்தது. மோனாஷ் பல்கலைக்கழக மலேசியா 2011-இல் இம்மாவட்டத்தில் 'சியாக்கோ' என்னும் சமூகநல ஆய்வைத் தொடங்கியது. ஆய்வாளர்கள் வீடு வீடாக வந்து குடும்ப விவரங்களைக் கேட்டார்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் சோதித்தார்கள். பல்லாயிரம் பேர் தம் நேரத்தையும் விவரங்களையும் தந்தார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளியாக வந்தவர் மட்டுமே இருப்பார். நோய் இருப்பதே அறியாமல் வீட்டில் இருப்பவரை இத்தகைய ஆய்வே காட்டும்.

கொடுக்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பா? அத்தகைய அமைப்புக்குத் தரும் நன்கொடையை, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை, வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.