ஒட்டிக்கொள்ளாத துணை

நிக்கல் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும் என்பது 1890-லேயே தெரிந்துவிட்டது. வெள்ளியின் கதை வேறு. குப்பியில் தனியே எடுத்து வைக்கக்கூடிய வெள்ளிக் கார்போனைல், அதாவது வெள்ளியும் கார்பன் மோனாக்சைடும் பிணைந்த சேர்மம், நூறாண்டு கழித்துத்தான் கிடைத்தது. 1991-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஸ்ட்ராஸ் குழுவினர் அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார்கள். அதற்காக அவர்கள் மாற்றியது வெள்ளியை அல்ல, அதன் அருகில் இருக்கும் எதிரயனியை.

அந்த எதிரயனியை உருவாக்கிய ஈனியின், அதாவது மைய அணுவோடு பிணையும் தொகுதியின், பெயர் டெஃப்லேட். நடுவில் டெலூரியம், சுற்றிலும் ஐந்து ஃபுளூரின், ஆறாவது முனையில் ஓர் ஆக்சிஜன். பிற அணுக்களோடு பிணைவது இந்த ஆக்சிஜன்தான். ஃபுளூரினைவிட எலக்ட்ரான் பசி கொண்ட தனிமம் கிடையாது. ஐந்தும் சேர்ந்து டெலூரியத்தை உறிஞ்ச, டெலூரியம் ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. கடைசியில், வழக்கமாக எலக்ட்ரான்களை வாரி வழங்கும் ஆக்சிஜன் வறண்டுபோய் நிற்கிறது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஏங்கல்பிரெக்ட், ஸ்லாட்கி இருவரும் 1964-இல் இதன் அமிலத்தை முதலில் தயாரித்தார்கள். ஈரம் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடை வெளிவிடக்கூடிய பொருள் என்பதால், இதனோடு வேலை செய்பவர்கள் துளி ஈரமும் அண்டவிடுவதில்லை.

வெறும் ஃபுளூரைடே போதாதா என்று கேட்கலாம். ஃபுளூரைடு சிறியது. பக்கத்து அணுவையும் எளிதில் பிடித்துப் பாலமாகிவிடும். அலுமினியம் ஃபுளூரைடு 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் ஆவியாகிறது என்றால், இந்தப் பாலங்களின் வலையே காரணம். டெஃப்லேட்டோ பருமனானது, அதே இழுவிசை இருந்தும் பாலம் கட்ட அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை. செனான் போன்ற மந்த வாயுவுக்கே இது ஈனியாக அமைகிறது. ஆறு டெஃப்லேட்கள் சூழ்ந்த செனான் சேர்மத்தை 1979-இல் கொன்ராட் செப்பெல்ட்டும் லென்ட்ஸும் அறிவித்தார்கள். உயர் ஆக்சிஜனேற்ற நிலையில் செனானோடு நிற்கும் ஈனிகள் மிகச் சிலவே.

ஸ்ட்ராஸ் பயன்படுத்திய எதிரயனியில் ஒரு போரானைச் சுற்றி நான்கு டெஃப்லேட்கள். மொத்தம் 20 ஃபுளூரின். ஒரே ஓர் எதிர் மின்சுமை அவ்வளவு பரப்பிலும் பரவிக் கரைந்துவிடுவதால், வெள்ளியை அது இறுகப் பற்றுவதில்லை. சாதாரண எதிரயனி என்றால் வெள்ளியின் அருகிடத்தை முதலிலேயே அடைத்துக்கொண்டிருக்கும். இங்கே இடம் காலி. பலவீனமான கார்பன் மோனாக்சைடும் வந்து உட்கார முடிகிறது.

அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை அகச்சிவப்பு நிறமாலை காட்டியது. தனித்த கார்பன் மோனாக்சைடின் அதிர்வு 2143 அலைஎண்ணில் தெரியும். நிக்கல் போன்ற உலோகங்கள் அதற்கு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுப்பதால் அந்த எண் குறைகிறது. வெள்ளிச் சேர்மத்தில் 2204 ஆக ஏறியது. வெள்ளி கிட்டத்தட்ட எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. இவ்வளவு தளர்வான பிணைப்பு என்பதால்தான், சுற்றிலும் வாயுவின் அழுத்தம் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு மறுபடியும் கழன்று போய்விடுகிறது.