ஆளுக்கு 74 பைசா

தேனி மாவட்ட மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, 12,45,899. இங்கே ஒரு குழந்தை அடிபட்டாலும், படிப்பு நின்றாலும், சின்ன வயதில் கல்யாணம் பேசினாலும் வீடு தேடிப் போக வேண்டியவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் களப்பணியாளர்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022 வழிகாட்டுதல் ஒரு மாவட்டத்துக்குத் தரும் களப்பணி ஆட்களும் மாதத் தொகுப்பூதியமும்:

- சமூகப் பணியாளர் 2 பேர்: தலா ரூ.18,536
- ஆற்றுப்படுத்துநர் ஒருவர்: ரூ.18,536
- புறத்தொடர்புப் பணியாளர் 2 பேர்: தலா ரூ.10,592
- மாதம் மொத்தம்: ரூ.76,792
- ஆண்டுக்கு: ரூ.9,21,504

மக்கள்தொகைக்கு வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 74 பைசா.

வேலையின் அளவு

மாவட்டத்தில் 8 ஒன்றியங்கள், 130 ஊராட்சிகள். ஒரு சமூகப் பணியாளருக்கு 4 ஒன்றியம், 65 ஊராட்சி. மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். இது 2015 இளைஞர் நீதிச் சட்டம் வைத்த கெடு.

போடியில் அந்தக் கெடு நெருக்கும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய் விடியுமுன் ஜீப் ஏறுகிறார். 17 கொண்டை ஊசி வளைவு கடந்து போடிமெட்டு, அதற்கப்பால் இடுக்கி. வீடு திரும்ப இருட்டிவிடும். அவரிடம் பேச இரவு போக வேண்டும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை. குழந்தை தோட்டத்தில் மீட்கப்பட்டால் உத்தரவு கேரளத்தில், வீட்டு விசாரணை தேனியில்.

கூலிக் கணக்கு

மாதம் 26 நாள் வேலை என்றால் புறத்தொடர்புப் பணியாளருக்கு நாளுக்கு ரூ.407. 2025-26இல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக் கூலி ரூ.336. வித்தியாசம் 71 ரூபாய். அதற்குள் வன்கொடுமைக்கு ஆளான பிள்ளையின் வாக்குமூலமும், உறவுக்காரர்களின் மிரட்டலும், தூக்கம் போன இரவுகளும் அடக்கம். வேலையோ ஒப்பந்தம். நிரந்தர வேலை கிடைத்தவுடன் கிளம்புகிறவரை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அவர் போனால் அந்தப் பிள்ளை தனக்கு நடந்ததைப் புது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

இப்படி வேலையை விடுவோரை இங்கிலாந்து ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுகிறது. 2022இல் குழந்தைகள் நலச் சமூகப் பணியாளர்களில் வேலையை விட்டோர் 17.1 சதவீதம், ஒருவர் கையில் சராசரியாக 16.6 வழக்குகள். தமிழக அரசும் மாவட்டவாரியாக இந்த இரண்டு எண்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

ஐவருக்கும் மாதம் தலா ரூ.10,000 கூட்டினால் ஆண்டுக்கு ரூ.6 லட்சம், ஆளுக்கு 48 பைசா. இதை அரசு தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.