முளையிலேயே கிள்ளுவோம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். 1912-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சென்னை சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினர். ஆனால் அவர் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை கண்டது ஏன் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை நோயுற்றார். சீதபேதி என்று எண்ணி மருந்து கொடுத்தார்கள். அது மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே தங்கை இறந்தார். அந்தத் துயரமே வித்தாக, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது.

மருத்துவர் வீட்டிலேயே ஏமாற்றிய இந்நோயின் தன்மைதான் என்ன?

நம் பெருங்குடலின் உட்சுவரில் சில வேளைகளில் சிறு முளை போன்ற சதை வளர்கிறது. இதைப் 'பாலிப்' என்பர். பெரும்பாலான பாலிப்புகள் தீங்கற்றவை. சில மட்டும் மெல்ல மெல்ல, ஏறத்தாழ பத்து ஆண்டுகளில், புற்றாக மாறுகின்றன. முளையிலேயே கிள்ளினால் நோய் வருவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். 1969-இல் நியூயார்க்கில் ஷின்யா, உல்ஃப் என்னும் மருத்துவர்கள் வளையும் குழாயைக் குடலுக்குள் செலுத்தி, வயிற்றைக் கிழிக்காமலே பாலிப்பை அகற்றிக் காட்டினர். இதுவே இன்றைய கொலோனாஸ்கோப்பி முறை.

கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் எளிய மலப் பரிசோதனையும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,551 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் இச்சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது!

சிகிச்சையும் வளர்ந்துள்ளது. 1908-இல் லண்டன் மருத்துவர் மைல்ஸ் வகுத்த அறுவை முறையில் மலக்குடலையே நீக்கி, வயிற்றில் வழி அமைத்தனர். இன்று கதிர்வீச்சும் மருந்தும் துணை நிற்பதால், பலருக்குக் குடலை மீண்டும் இணைக்க முடிகிறது. நியூயார்க்கில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், தோஸ்டார்லிமாப் என்ற மருந்தாலேயே 12 நோயாளிகளுக்கும் கட்டி மறைந்தது. எனினும் குறிப்பிட்ட மரபணுக் குறையுள்ள சிலருக்கே இம்மருந்து பொருந்தும்.

இத்தனை வசதி இருந்தும் உயிர்கள் போவதற்கு ஒரு காரணம் நம் கூச்சம். மலத்தில் இரத்தம் கண்டால், "உடல் சூடு" என்று மோர் குடிப்போம். "மூலம்தான்" என்று நாமே முடிவு கட்டுவோம். பெண்களோ வெளியில் சொல்லவே மாட்டோம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதை மருத்துவரே சொல்ல வேண்டும். மூன்று வாரங்களுக்கு மேல் மலம் கழிக்கும் பழக்கம் மாறுதல், காரணமின்றி எடை குறைதல், சோகை ஆகியவையும் எச்சரிக்கைகளே. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்திருந்தால் முன்கூட்டியே பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும்.

காய்கறி, கீரை, நம் தருமபுரி மண்ணின் கேழ்வரகு, சாமை போன்ற நார்ச்சத்துள்ள உணவு நன்மை தரும். புகை, மது, மிகுந்த எடை ஆகியவை தீமை தரும்.

தோழியரே! வீட்டிலுள்ள தாத்தா, பாட்டி, அம்மா, அப்பாவிடம் இதைப் பேசுவோம். கடத்தூரிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில் இல்லை. கூச்சத்தை விட்டுச் சொல்லும் ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கும்.